ராஜினாமாவில் கையெழுத்திடும் முன் ஒரு கணக்கு

2019ஆம் ஆண்டு தீபாவளி ஞாயிற்றுக்கிழமை வந்தது. அடுத்த வியாழக்கிழமை, அக்டோபர் 31, காலை பத்து மணிக்கு என்னை மாடிக்கு அழைத்தார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கார் உதிரி பாகங்கள் செய்யும் சிறிய ஆலை அது. மொத்தம் எழுபது பேர். டைம் ஆபீஸில் வருகைப் பதிவேடும் சம்பளப் பட்டியலும் என் பொறுப்பு. அந்த ஆண்டு வாகன விற்பனை படுத்துவிட்டதால் ஆர்டர்கள் குறைந்திருந்தன. யாருக்காவது வேலை போகும் என்று எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. மேசையில் ஒரு தாளும் பேனாவும் தயாராக இருந்தன. "சொந்தக் காரணங்களுக்காகப் பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன்" என்று தட்டச்சு செய்து, கீழே என் பெயரைப் போட்டிருந்தார்கள்.

"இன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுங்கள் அம்மா. இரண்டு மாதச் சம்பளம் சேர்த்துத் தருகிறோம்" என்றார் மேலாளர். குரலில் கடுமை இல்லை. அவருக்கும் அது பிடிக்காத வேலை என்று முகத்தில் தெரிந்தது.

அந்த வாசகம் எனக்குப் புதிதல்ல. முந்தைய ஆண்டுகளில் ஏழெட்டுப் பேருக்கு அதே வரியை நானே தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறேன். லேத் பிரிவில் இருந்த ஒருவர் என் மேசையில் வைத்துத்தான் கையெழுத்துப் போட்டார், போட்டுவிட்டு, "எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது?" என்று என்னைக் கேட்டார். சரிதான் என்று தலையாட்டினேன். அந்த ஒரு வரியால் அவருக்கு எவ்வளவு பணம் கைவிட்டுப் போகிறது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அப்போது சொல்லாததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, நீங்களாக வேலையை விடுவதும் அவர்களாக உங்களை அனுப்புவதும் சட்டத்தின் கண்ணில் இரண்டு வேறு காரியங்கள். நீங்களாக விலகினால் வேலை பார்த்த நாள்களின் சம்பளம், பணிக்கொடை, மிச்சமுள்ள விடுப்புக்கான பணம், போனஸ் ஆகியவை வரும். அவர்களாக அனுப்பினால் இவற்றோடு ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ தரவேண்டும். ஆட்குறைப்பு இழப்பீடும் தரவேண்டும். ஆர்டர் இல்லை, ஆள் அதிகம் என்று நிறுவனம் அனுப்பும்போது அதன் பெயர் ஆட்குறைப்பு. அதே ஆளிடம் "சொந்தக் காரணம்" என்று எழுதி வாங்கிவிட்டால் அது ராஜினாமா. இழப்பீடு தரவேண்டிய கடமை அந்த இடத்திலேயே மறைந்துவிடுகிறது. கையெழுத்துக்கு அவ்வளவு அவசரம் ஏன் என்று இப்போது புரியும்.

எனவே அந்த அறையில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கையெழுத்துப் போடாமல் தாளை வாங்கிக்கொண்டு வெளியே வருவது. "வீட்டில் கலந்து பேசிவிட்டு நாளை மறுநாள் சொல்கிறேன்" என்றால் போதும். சண்டை வேண்டாம், குரலை உயர்த்தவும் வேண்டாம். ராஜினாமா எழுதித் தரச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த நிறுவனத்துக்கு உரிமை கிடையாது. எழுதாவிட்டால் பணிக்கொடை கிடைக்காது, பி.எஃப். நின்றுவிடும் என்று சிலர் மிரட்டுவார்கள். இரண்டும் பொய். பி.எஃப். பணம் நிறுவனத்தின் கையிலேயே இல்லை. உங்கள் பெயரில் அரசின் வருங்கால வைப்பு நிதி அமைப்பிடம் இருக்கிறது.

அன்று மாலை என் கணவர், "கிடைத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடு, அவர்களோடு மல்லுக்கட்ட முடியுமா?" என்றார். பல வீடுகளில் இதைத்தான் சொல்வார்கள். நான் பதில் பேசாமல் ஒரு தாளை எடுத்துக் கணக்கை எழுதிக் காட்டினேன். அந்தக் கணக்கை அப்படியே தருகிறேன். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

நான் வேலையில் சேர்ந்தது 2008 மே 12. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,600 ரூபாய். வீட்டு வாடகைப்படி முதலியவற்றைச் சேர்த்தால் மாதம் 24,000.

பணிக்கொடையை எல்லோரும் கிராஜுவிட்டி என்றே சொல்கிறோம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு இது பொருந்தும். ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். மரணமோ நிரந்தர உடல் ஊனமோ நேர்ந்தால் அந்த நிபந்தனை கிடையாது. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கினால் ஓர் ஆண்டுக்கான தொகை வரும். முப்பதால் வகுக்கக் கூடாது. மாதத்தில் ஞாயிறு போக வேலை நாள் 26 என்பதால்தான் அந்த எண். சில கணக்குப் பிரிவுகளில் முப்பதால் வகுத்துவிடுவார்கள். என் எண்ணில் அப்படிச் செய்தால் ஆண்டுக்கு 7,800 தான் வரும். சரியான கணக்கு: 15,600 வகுத்தல் 26, அதாவது 600, அதைப் பதினைந்தால் பெருக்கினால் 9,000.

அடுத்தது ஆண்டுக் கணக்கு. கடைசியில் மிச்சமிருக்கும் மாதங்கள் ஆறைத் தாண்டினால் முழு ஆண்டாகச் சேரும்; தாண்டாவிட்டால் ஒன்றுமில்லை. 2008 மே 12 முதல் 2019 அக்டோபர் 31 வரை பதினோரு ஆண்டு, ஐந்து மாதம், இருபது நாள். அதனால் பதினோரு ஆண்டுக்குத்தான் பணம்: 99,000. நிறுவனம் காட்டிய தாளிலும் அதே தொகை இருந்தது. தவறில்லை. ஆனால் அந்த "இன்றைக்கே" என்ற சொல்லை நான் அப்போதுதான் கவனித்தேன். இன்னும் இரண்டு வாரம் வேலையில் இருந்தால் ஆறு மாதம் தாண்டி, கணக்குப் பன்னிரண்டு ஆண்டாகிவிடும். வேண்டுமென்றே செய்தார்களா, தற்செயலா என்று நான் ஆராயவில்லை. உங்கள் கடைசி நாள் எது என்று அவர்கள் சொன்னவுடன், சேர்ந்த தேதியை எடுத்து வைத்து விரல்விட்டு எண்ணுங்கள்.

ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு அடிப்படை வேறு. ஓர் ஆண்டாவது தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சராசரி ஊதியம். மாதச் சம்பளக்காரருக்குச் சராசரி என்பது கடைசி மூன்று முழு மாதங்களின் சராசரி. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தில் ஊதியம் என்றால் படிகளும் சேர்த்தி. ஆகவே என் கணக்கில் 24,000. இங்கே 26ஆல் வகுக்கும் முறை கிடையாது. பதினைந்து நாள் என்றால் மாதத்தில் பாதி, 12,000. ஆறு மாதம் தாண்டினால் ஓர் ஆண்டு என்ற விதி இதற்கும் உண்டு.

நிறுவனம் தர முன்வந்தது: இரண்டு மாதச் சம்பளம் 48,000, பணிக்கொடை 99,000. மொத்தம் 1,47,000.

நான் கேட்டது: ஆட்குறைப்பு என்று எழுத்தில் தாருங்கள்; ஒரு மாத நோட்டீஸ் கொடுங்கள், நவம்பர் 30 வரை வேலைக்கு வருகிறேன். அப்படியானால் பன்னிரண்டு ஆண்டு. இழப்பீடு 1,44,000. பணிக்கொடை 1,08,000. சேர்ந்திருந்த 18 நாள் விடுப்புக்கு, ஒரு நாளுக்கு 923 வீதம், 16,614. மொத்தம் 2,68,614. நவம்பர் மாதச் சம்பளம் தனி.

நோட்டீஸுக்குப் பதில் சம்பளத்தைக் கொடுத்து அன்றே அனுப்பியிருந்தால் அதுவும் சட்டப்படி சரிதான். ஆனால் ஆண்டு பதினொன்றாகவே நின்று, இழப்பீட்டில் 12,000, பணிக்கொடையில் 9,000 என்று மொத்தம் 21,000 குறைந்திருக்கும். அவர்கள் ஏன் ஒப்புக்கொண்டார்கள் என்றால், என் வேலையைக் கணக்காளரிடம் ஒப்படைக்க எப்படியும் ஒரு மாதச் சம்பளப் பட்டியல் முடியவேண்டியிருந்தது. உங்கள் இடத்திலும் அப்படி ஏதாவது இருக்கும். பாதியில் நிற்கும் வேலை, உங்களுக்கு மட்டுமே தெரிந்த விவரம், முடிக்க வேண்டிய தணிக்கை. தேதியைப் பேசும்போது அதைச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் ஒரு பக்கக் கடிதமாக எழுதி, சனிக்கிழமை ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தராவிட்டால் தபால் நிலையம் இருக்கவே இருக்கிறது. கடிதத்தில் கோபம் வேண்டாம். சேர்ந்த தேதி, பணியின் பெயர், வாங்கும் சம்பளம், எந்தத் தேதியில் யார் என்ன சொன்னார், நான் ராஜினாமா செய்யவில்லை, ஆட்குறைப்பு என்றால் சட்டப்படியான தொகையைத் தந்து எழுத்தில் தாருங்கள். இவ்வளவுதான். ஒன்பது நாள் பதிலே இல்லை. பிறகு கூப்பிட்டுப் பேசினார்கள்.

இப்போதைய சட்டத்துக்கு வருகிறேன். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. தொழில் தகராறுகள் சட்டமும் பணிக்கொடைச் சட்டமும் அவற்றுக்குள் அடங்கிவிட்டன. ஆண்டுக்குப் பதினைந்து நாள் என்ற அடிப்படை இழப்பீட்டிலும் பணிக்கொடையிலும் அப்படியே இருக்கிறது. மாறியிருப்பவற்றில் நான்கைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள்.

ராஜினாமாவோ நீக்கமோ, வேலை முடிந்த இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கி கைக்கு வரவேண்டும். "செட்டில்மென்ட் நாற்பத்தைந்து நாள் ஆகும்" என்ற பழைய பேச்சு சம்பளத்துக்குச் செல்லாது. பணிக்கொடைக்கு முப்பது நாள் கெடு. தாண்டினால் வட்டி உண்டு.

ஊதியம் என்பதற்கு எல்லாச் சட்டத்துக்கும் ஒரே விளக்கம் வந்திருக்கிறது. வாடகைப்படி, பயணப்படி போன்றவை ஊதியத்தில் சேராது; ஆனால் அப்படி விலக்கப்படுபவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேர்ந்துவிடும். அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாக வைத்துப் படிகளைப் பெரிதாக்கும் நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு இது நல்ல செய்தி. ஒருவருக்கு மாதம் 30,000. அதில் அடிப்படை 9,000, மீதி 21,000 படிகள் என்று வைத்துக்கொள்வோம். பாதி 15,000, தாண்டியது 6,000. ஆகவே ஊதியம் 15,000. ஆண்டுக்கு 5,192 ரூபாயாக இருந்த பணிக்கொடை 8,654 ஆகிறது. ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கும் இதே விளக்கம்தான் என்பதால், படிகள் குறைவாக உள்ள சம்பளத்தில் நான் முழு 24,000த்தை வைத்துப் போட்ட மாதிரி இப்போது போட முடியாது. உங்கள் சம்பளச் சீட்டை வைத்துப் பிரித்துப் பாருங்கள்.

குறித்த கால ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்களுக்கு ஐந்து ஆண்டு நிபந்தனை போய்விட்டது. ஓர் ஆண்டு முடித்தாலே பணிக்கொடை உண்டு. ஒப்பந்தக்காரர் வழியாக அல்லாமல், நிறுவனமே தேதி குறித்து நியமித்தவர்களைச் சொல்கிறேன்.

நான்காவது, மறுதிறன் நிதி, அதாவது வேலை இழந்தவர் வேறு திறன் கற்றுக்கொள்ள உதவும் நிதி. ஆட்குறைப்புச் செய்யப்பட்ட ஒவ்வொரு தொழிலாளிக்காகவும் நிறுவனம் அவர் கடைசியாக வாங்கிய பதினைந்து நாள் ஊதியத்தை அந்த நிதியில் கட்டவேண்டும். நாற்பத்தைந்து நாளுக்குள் அது தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கு வரவேண்டும். இழப்பீட்டுக்கு மேல் இது தனி. கேட்காமல் இது வரும் என்று இருந்துவிடாதீர்கள்.

முந்நூறு தொழிலாளர்களும் அதற்கு மேலும் உள்ள ஆலை என்றால் அரசின் முன் அனுமதி இல்லாமல் ஆட்குறைப்பே செய்ய முடியாது. அதற்குக் குறைந்த இடங்களில் பொதுவான முறை, ஒரே பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போவது. உங்களுக்குப் பின்னால் வந்தவர் இருக்கும்போது உங்களை அனுப்பினால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

"நான் தொழிலாளி அல்லவே, என் பதவிப் பெயரில் மேனேஜர் என்று இருக்கிறதே" என்று பலர் நினைத்துக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள். பதவிப் பெயரை வைத்து இது தீர்வதில்லை. நாள் முழுக்க நீங்கள் செய்கிற வேலை என்ன என்பதுதான் கேள்வி. கையால் செய்யும் வேலை, தொழில்நுட்ப வேலை, எழுத்தர் வேலை எல்லாம் தொழிலாளி என்ற விளக்கத்தில் வரும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் வரமாட்டார்கள். அவர்களுக்கு ஆட்குறைப்பு இழப்பீடு சட்டத்தால் கிடையாது. நியமனக் கடிதத்தில் எழுதியிருப்பதும் பேசி வாங்குவதும்தான். ஆனால் பணிக்கொடை மேலாளருக்கும் உண்டு. உண்மையிலேயே மேலாளராக இருந்தால், நோட்டீஸ் காலம் எத்தனை மாதம், அதைச் சம்பளமாகத் தருவார்களா, மருத்துவக் காப்பீடு எந்தத் தேதி வரை நீடிக்கும் என்ற மூன்றையும் கையெழுத்துக்கு முன்பே மின்னஞ்சலில் பெற்றுக்கொள்ளுங்கள்.

பணிக்கொடையைப் பற்றி இன்னொரு குழப்பம். ஆண்டுச் சம்பளத்தைக் காட்டும் தாளில் "கிராஜுவிட்டி 4.81 சதவீதம்" என்று ஒரு வரி இருக்கும். பதினைந்தை 26ஆலும் பிறகு 12ஆலும் வகுத்து வந்த எண் அது. அதைப் பார்த்து, மாதா மாதம் கொடுத்துவிட்டோம் என்று சொல்ல முடியாது. அது நிறுவனத்தின் செலவுக் கணக்கு மட்டுமே. அதேபோல, நிறுவனத்துக்குக் கடன் பாக்கி என்று சொல்லி அவர்கள் விருப்பப்படி பணிக்கொடையைப் பிடித்துக்கொள்ளவும் முடியாது. நிறுவனத்துக்குச் சேதம் விளைவித்ததாலோ, வன்முறை, ஒழுக்கக்கேடான குற்றம் ஆகியவற்றாலோ நீக்கப்பட்டால்தான் பிடித்தம் என்ற பேச்சே எழும்.

வேலையில் இருக்கும்போதே சேர்த்து வைக்க வேண்டிய தாள்கள்: நியமனக் கடிதம், சம்பள உயர்வுக் கடிதங்கள், சம்பளச் சீட்டுகள், விடுப்பு இருப்பு காட்டும் பக்கம், வருமான வரிப் பிடித்தத்துக்கான சான்றான படிவம் 16. கடைசி நாளன்று அலுவலகக் கணினிக்குள் நுழைய முடியாமல் போய்விடும். அப்போது தேடிப் பயனில்லை. உங்களுடைய தாள்களை மட்டும் எடுங்கள். நிறுவனத்தின் வரைபடமோ வாடிக்கையாளர் பட்டியலோ கைபேசியில் இருந்தால் அதைக் காரணம் காட்டியே உங்கள் பணத்தை நிறுத்துவார்கள்.

பி.எஃப். கணக்கில் நீங்கள் வெளியேறிய தேதியை நிறுவனம் பதிவு செய்யவேண்டும். செய்யாவிட்டால், கடைசிச் சந்தா சேர்ந்து இரண்டு மாதம் கழித்து, பி.எஃப். உறுப்பினருக்கான யுஏஎன் எண்ணை வைத்து இணையத்தில் நீங்களே பதிவு செய்யலாம். ஆதாரில் உள்ள பெயரும் அங்குள்ள பெயரும் ஓர் எழுத்து மாறினாலும் அலைய நேரிடும். வேலையில் இருக்கும்போதே திருத்திவிடுங்கள். வேறு வேலை கிடைக்கும் என்றால் பணத்தை எடுக்காமல் புதிய கணக்குக்கு மாற்றுவதையே நான் சொல்வேன். பத்து ஆண்டு சேவை சேர்ந்தால் ஓய்வூதியத்துக்குத் தகுதி வருகிறது. ஒன்பதாவது ஆண்டில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வரி விஷயம் சுருக்கமாக. தனியார் துறையில் பணிக்கொடைக்கு 20 லட்சம் வரையும், விடுப்புப் பணத்துக்கு 25 லட்சம் வரையும், சட்டப்படியான ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு 5 லட்சம் வரையும் விலக்கு உண்டு. நோட்டீஸ் சம்பளத்துக்கும், "கருணைத் தொகை" என்று தருவதற்கும் வரி உண்டு. ஆகவே தாளில் எந்தத் தொகை எந்தப் பெயரில் இருக்கிறது என்பதைப் பாருங்கள். இழப்பீட்டையே கருணைத் தொகை என்று எழுதிவிட்டால் வரியும் விழும், உரிமையும் மங்கும்.

பணம் தரும் நாளில் ஒரு ரசீதை நீட்டுவார்கள். ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, "இனி எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை" என்று அச்சடித்திருக்கும். தொகை எழுதாமல் வெறுமையாக விட்ட ரசீதில் ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள். போனஸ் முதலிய ஏதாவது பாக்கி இருந்தால், ஸ்டாம்ப் மேல் கையெழுத்திடும் முன், "போனஸ் நீங்கலாக" என்று உங்கள் கையால் எழுதித் தேதி போடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். பார்த்துக்கொண்டிருந்த கணக்காளர் ஒன்றும் சொல்லவில்லை. சட்டம் தரும் பணிக்கொடையை ஒரு ரசீது வாசகத்தால் அழித்துவிட முடியாது. ஆனாலும் முதலிலேயே எழுதிவிட்டால் பின்னால் அலைச்சல் குறையும்.

தராமல் இழுத்தடித்தால் தொழிலாளர் துறைதான் அடுத்த படி. சென்னையில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆணையர் அலுவலகம். மாவட்டங்களில் உதவி ஆணையர்கள் இருக்கிறார்கள். ஆட்குறைப்பு என்றால் சமரச அலுவலரிடம் மனு. பணிக்கொடை என்றால் அதற்குரிய அதிகாரியிடம் தனி மனு. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் திருப்பி அனுப்புவார்கள். வக்கீல் இல்லாமலே மனுக் கொடுக்கலாம். நாள் கடத்தாதீர்கள், எல்லாவற்றுக்கும் கெடு உண்டு.

போனஸைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். ஆண்டு நடுவில் விலகினாலும், அந்தக் கணக்காண்டில் முப்பது வேலை நாள் பார்த்திருந்தால், போனஸுக்கான சம்பள வரம்புக்குள் உள்ளவருக்கு வேலை பார்த்த காலத்துக்கான பங்கு உண்டு; குறைந்தது 8.33 சதவீதம். அது அடுத்த தீபாவளியை ஒட்டித்தான் வரும், அதற்குள் நம்மை மறந்திருப்பார்கள். 2020 அக்டோபரில் நான் நான்கு வரியில் ஒரு கடிதம் எழுதி, அந்த ரசீதின் நகலையும் இணைத்து அனுப்பினேன். தீபாவளிக்கு முன்பே, எட்டு மாதத்துக்கான போனஸ் என் பழைய சம்பளக் கணக்கில் ஏறியிருந்தது. அதுவரை அந்த வங்கிக் கணக்கை மூடிவிடாதீர்கள்.